வாசகர் கேள்வி – பதில்: மருத்துவ ஆய்வில் எத்தனை பேர், யார் யார்?

மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால், குறைந்த வருமான நாடுகளில் இருப்பதைப்போல் சராசரியாக 40 மடங்கு மருத்துவ ஆய்வாளர்கள் உயர் வருமான நாடுகளில் இருக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்ட கணக்கைச் சென்ற இதழில் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றியே இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பல ஆண்டுகள் நோய்க் கள ஆய்வுகளில் தரவுப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில், என்னால் இயன்றவரை விடை தருகிறேன்.

ஒரு நாட்டில் இத்தனை மருத்துவ ஆய்வாளர்கள் என்று எப்படி எண்ணுகிறார்கள்? மருத்துவர்கள் எல்லாரும் அதில் சேர்வார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

சேரமாட்டார்கள். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது எவ்வளவு உயர்ந்த பணியானாலும், இந்தக் கணக்கில் அது ஆராய்ச்சி ஆகாது. உலக நாடுகள் இன்று பின்பற்றும் வரையறை 1963-இல் உருவானது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பைச் சேர்ந்த நாடுகளின் வல்லுநர்கள், இத்தாலியில் ரோம் நகருக்கு அருகிலுள்ள ஃப்ராஸ்காட்டி என்னும் ஊரில் கூடி, எதை ஆராய்ச்சி என்பது, யாரை ஆய்வாளர் என்பது என்று ஒரு கையேடு வகுத்தார்கள். ஊரின் பெயரே கையேட்டுக்கும் நிலைத்துவிட்டது. அதன் ஏழாம் பதிப்பு 2015-இல் வெளிவந்தது. புதியதை நாடுவதாக, முடிவு முன்கூட்டித் தெரியாததாக, முறையாகத் திட்டமிட்டதாக, பிறரும் செய்து சரிபார்க்கக் கூடியதாக இருக்கும் வேலையையே அந்தக் கையேடு ஆராய்ச்சியாக ஏற்கிறது.

கேட்பதற்கு இது எளிது. மருத்துவமனை வாசலில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். கையேடே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. இறப்புக்குக் காரணம் அறிய வழக்கமாகச் செய்யும் பிணக்கூறு ஆய்வு மருத்துவப் பணியே அன்றி ஆராய்ச்சி அன்று. ஆனால், ஒரு குறிப்பிட்ட புற்றுநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவை நிறுவுவதற்காக அதே மேசையில், அதே கத்தியைக் கொண்டு தனித் திட்டமாகச் செய்தால் அது ஆராய்ச்சி. மருத்துவர் எழுதித் தரும் சீட்டுக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனை ஆராய்ச்சி அன்று. புதிய மருந்து ஒன்றை அறிமுகப்படுத்துவதற்காகத் திட்டமிட்டு எடுக்கும் இரத்தப் பரிசோதனை ஆராய்ச்சி. மருந்துச் சோதனையின் முதல் மூன்று கட்டங்களும் கணக்கில் வருகின்றன. மருந்து விற்பனைக்கு வந்த பிறகு நடக்கும் நான்காம் கட்டமோ, புதிய அறிவியல் முன்னேற்றத்துக்கு வழிவகுத்தால் மட்டுமே வருகிறது.

அடுத்து நேரக் கணக்கு. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் காலையில் புறநோயாளிகளைப் பார்க்கிறார், பிற்பகலில் வகுப்பெடுக்கிறார், எஞ்சிய பொழுதில் ஆய்வு செய்கிறார். அவரைத் தலைக்கணக்கில் எண்ணினால் ஒரு முழு ஆய்வாளர். அவருடைய வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆய்வுக்குப் போகிறது என்றால், முழுநேரக் கணக்கில் அவர் 0.2 ஆய்வாளர்; அவரைப் போன்ற ஐந்து பேர் சேர்ந்தால்தான் ஒருவர். வேறு எந்த அறிவியல் துறையைவிடவும் மருத்துவத்தில்தான் இந்த இரு கணக்குகளுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கக் காரணம் உண்டு: ஆய்வு செய்பவர்களில் பெரும்பகுதியினர் மருத்துவம் பார்ப்பதையும் கற்பிப்பதையும் ஒருசேரச் செய்பவர்கள். ஒரு நாட்டின் தலைக்கணக்கை இன்னொரு நாட்டின் முழுநேரக் கணக்கோடு பக்கத்தில் வைத்து எழுதும் கட்டுரைகளை நாளிதழ்களில் பார்க்கிறேன். படியால் அளந்ததையும் மரக்காலால் அளந்ததையும் ஒன்றாக எண்ணுவது போன்ற பிழை அது.

சீனாவின் ஆய்வாளர் எண்ணிக்கை 2009-இல் திடீரென்று விழுந்திருப்பதைப் பார்த்தேன். அப்படி என்ன நேர்ந்தது? மருத்துவ ஆய்வாளர் அட்டவணையில் அமெரிக்காவைக் காணவில்லையே? – புள்ளியியல் மாணவர், கோயம்புத்தூர்

அவ்வளவு பேர் வேலையை விட்டுவிடவில்லை, அளவுகோல் மாறியது. 2008 வரை சீனா "விஞ்ஞானிகளும் பொறியாளர்களும்" என்ற அகன்ற வகைப்பாட்டில் எண்ணி, சுமார் 15.9 லட்சம் முழுநேர ஆய்வாளர்கள் என்று அறிவித்தது. 2009-இல் ஃப்ராஸ்காட்டி வரையறைக்கு மாறியதும் அது சுமார் 11.5 லட்சமாயிற்று. ஏறத்தாழ 4.4 லட்சம் பேர் அட்டவணையிலிருந்து மறைந்தார்கள். ஆய்வகங்களில் ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. ஆகவே, பல ஆண்டு எண்களைக் கோடாக வரைந்து பார்க்கும்போது, அந்தக் கோட்டில் வரையறை முறிந்த ஆண்டு எது என்பதை முதலில் தேடுங்கள். புள்ளியியல் படிக்கும் தங்களுக்கு இது பழகிய பாடம்தான். ஆனால், கொள்கை வகுப்பவர்களின் மேசைக்குப் போகும் வரைபடங்களில் அந்த அடிக்குறிப்பு பல நேரங்களில் உதிர்ந்துவிடுகிறது.

அமெரிக்கா பற்றிய கேள்வி இன்னும் முக்கியமானது. யுனெஸ்கோவின் 2021-ஆம் ஆண்டு அறிவியல் அறிக்கைப்படி 2018-இல் உலகில் முழுநேரக் கணக்கில் ஏறத்தாழ 88.5 லட்சம் ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 23.5 விழுக்காடு, சீனாவில் 21.1 விழுக்காடு, அமெரிக்காவில் 16.2 விழுக்காடு. இது எல்லாத் துறைகளும் சேர்ந்த தொகை. இதை இயற்கை அறிவியல், பொறியியல், மருத்துவமும் நலவியலும், வேளாண்மை எனத் துறைவாரியாகப் பிரித்துத் தரும் நாடுகள் மட்டுமே மருத்துவ ஆய்வாளர் அட்டவணையில் இடம்பெறுகின்றன. அமெரிக்கா அப்படிப் பிரித்துத் தருவதில்லை. உலகிலேயே மிகுதியான பணத்தை மருத்துவ ஆராய்ச்சியில் செலவிடும் நாடு இல்லாமல்தான் "உலக ஒப்பீடு" நடக்கிறது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரித்துத் தரும் நாடுகளிலும் ஒரு கசிவு உண்டு. மருந்து நிறுவனம் ஒன்றில் நீரிழிவுக்குப் புதிய மூலக்கூறு தேடும் வேதியியலாளர் எந்தத் துறை? அவருடைய பட்டத்தைப் பார்த்தால் இயற்கை அறிவியல். அவர் செய்யும் வேலையின் பயனைப் பார்த்தால் மருத்துவம். போதாக்குறைக்கு, பல நாடுகளில் பல்கலைக்கழகத்தையும் அரசு நிறுவனத்தையும் துறைவாரியாகவும், தனியார் நிறுவனங்களைத் தொழில்வாரியாகவும் எண்ணுகிறார்கள். அவ்வாறு எண்ணும்போது பெரிய மருந்துத் தொழில் உள்ள நாட்டின் மருத்துவ ஆய்வுப் படை உண்மையைவிடச் சிறிதாகவும், பல்கலைக்கழகங்களை மட்டும் நம்பியிருக்கும் நாட்டின் படை ஒப்பீட்டில் பெரிதாகவும் தோன்றிவிடும்.

நான் 19 ஆண்டுகளாக ஆய்வக டெக்னீஷியன். என்னைப் போன்றவர்கள் இந்த எண்ணிக்கையில் உண்டா? – திருச்சிராப்பள்ளி வாசகர்

ஐயா, எனக்கு வந்த கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது உங்களுடையதுதான். விதிப்படி நீங்கள் உண்டு. நடைமுறையில் பெரும்பாலும் இல்லை.

ஃப்ராஸ்காட்டிக் கையேடு ஆராய்ச்சிப் பணியாளர்களை மூன்றாகப் பிரிக்கிறது. புதிய அறிவை உருவாக்குபவர்கள் ஆய்வாளர்கள். அவர்களுடைய மேற்பார்வையில் சோதனைகளை நடத்துபவர்கள், அளவுகளைப் பதிவு செய்பவர்கள், வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து நேர்காணல் செய்பவர்கள் ஆகியோர் தொழில்நுட்பப் பணியாளர்கள். அலுவலக உதவியும் கைவினை உதவியும் செய்பவர்கள் மூன்றாம் வகை. மூன்றும் சேர்ந்ததே ஆராய்ச்சிப் பணியாளர் தொகை. ஆனால், ஐக்கிய நாடுகளின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 9.5.2 என்று எண்ணிடப்பட்ட அளவீடு, பத்து லட்சம் மக்களுக்கு எத்தனை ஆய்வாளர்கள் என்று மட்டுமே கேட்கிறது. உலக அட்டவணைகள் அந்த ஒரு எண்ணையே சுற்றி வருகின்றன. கேட்கப்படாத எண்ணை யாரும் அக்கறையாக நிரப்புவதில்லை.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆண்டுகள் பல ஆகின்றன. ஒரு மாவட்டத்தில் நடந்த காசநோய்க் கள ஆய்வில் இருந்தேன். அங்கே களப்பணியாளராக இருந்த அம்மா ஒருவர், விடியற்காலையில் எழுந்து, முந்தின மாலையில் வீடுகளில் கொடுத்துவிட்டு வந்த சளிக் குப்பிகளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றின் மூடியையும் திருகிப் பார்த்து, பெயரும் எண்ணும் எழுதிய காகிதத் துண்டு ஈரத்தில் கலைந்திருந்தால் அங்கேயே மறுபடி எழுதி ஒட்டி, ஐஸ் பைகள் வைத்த தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, முதல் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பெட்டியைப் பேருந்தின் மேற்கூரையில் போடச் சொல்லி நடத்துநர் வற்புறுத்தினால் இறங்கிவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்; வெயில் பட்டால் மாதிரி கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆய்வின் முடிவுகள் நம்பத்தக்கவையாக இருந்தன என்றால் அதற்கு முதற்காரணம் அந்தப் பெட்டிதான். ஆராய்ச்சிப் பணியாளர் பற்றிய கணக்கெடுப்புப் படிவம் அலுவலகத்துக்கு வந்தபோது, "ஆய்வாளர்கள்" என்ற கட்டத்தில் மருத்துவர்களின் எண்ணிக்கை எழுதப்பட்டது. "தொழில்நுட்பப் பணியாளர்கள்" என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுக்கப்பட்டது. களப்பணியாளர்கள் ஒப்பந்தத்தில் இருந்தார்கள்; ஊதியம் "இதர செலவு" என்ற தலைப்பில் வந்தது; எனவே அவர்கள் பணியாளர்களே அல்லர் என்று விளக்கம் கிடைத்தது. நானும் அன்று எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

வரலாற்றைப் பார்த்தாலும், மருத்துவ ஆராய்ச்சியின் பெரிய திருப்பங்களில் இந்தக் கோட்டுக்குள் மறைந்தவர்களின் கை இருக்கிறது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், உலகச் சுகாதார நிறுவனமும், அன்றைய சென்னை மாநில அரசும் சேர்ந்து நடத்திய அந்த மையத்தை பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்தினார். காசநோயாளியைச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் படுக்கவைத்தால்தான் குணமாகுமா, நெரிசலான வீட்டில் வைத்தே மாத்திரையால் குணமாக்க முடியுமா என்பது கேள்வி. ஓராண்டு முடிவில் வீட்டில் சிகிச்சை பெற்றவர்களில் 86 விழுக்காட்டினரிடமும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரிடமும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்கள் சத்தான உணவும் ஓய்வும் குறைவாகவே பெற்றிருந்தும் வேறுபாடு அவ்வளவுதான். 1959-இல் இந்த முடிவு வெளியானபின், உலகெங்கும் சானடோரியங்களை நம்பியிருந்த காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. ஆனால், நோயாளி மாத்திரையை உண்மையில் விழுங்கினாரா என்பது யாருக்குத் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்த சுகாதாரப் பார்வையாளர்களுக்கும், சிறுநீர் மாதிரியில் மருந்தின் தடயம் உண்டா என்று சோதித்த ஆய்வகப் பணியாளர்களுக்கும்தான் தெரியும். அவர்கள் இல்லாவிட்டால் அந்த 86-க்குப் பொருளே இல்லை.

வங்கதேசத்தின் மத்லப் பகுதியும் அப்படித்தான். டாக்காவில் 1960-இல் தொடங்கிய காலரா ஆய்வகம் பின்னர் பன்னாட்டு வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. அதன் களமான மத்லபில் 1966 முதல் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எல்லாம் வீடு வீடாகப் பதிவாகி வருகின்றன. இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்தப் பதிவில் இருக்கிறார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்பதற்கான முக்கியமான சான்று 1968-இல் அந்த ஆய்வகத்தாரிடமிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே பதிவேடு சுமந்து ஆற்றங்கரைச் சிற்றூர்களில் நடந்த பெண்கள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலிலும் இல்லை.

வளமான நாட்டிலும் கதை வேறன்று. 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய "ரிகவரி" என்னும் மருந்துச் சோதனை, ஜூன் 16 அன்று, டெக்ஸாமெதாசோன் என்ற மலிவான பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அறிவித்தது. மூன்றே மாதங்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை 170-க்கும் அதிகமான மருத்துவமனைகளில் சேர்க்க முடிந்ததற்கு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்களின் திறமை ஒரு காரணம். அந்த மருத்துவமனைகளில் ஆய்வுச் செவிலியர்கள் என்ற தனிப் பணிப்பிரிவினர் ஏற்கெனவே ஊதியம் பெற்று இருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். 2006-இல் அமைந்த தேசிய நலவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வலைப்பின்னல் அவர்களை அங்கே நிலைநிறுத்தியிருந்தது. அதே காலத்தில் பல நாடுகளில் திறமையான பேராசிரியர்கள் தனித்தனியே சிறுசிறு சோதனைகளைத் தொடங்கி, போதிய நோயாளிகளைச் சேர்க்க ஆளில்லாமல் பாதியில் விட்டார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குச் சுருக்கமான விடை: உங்கள் நிறுவனத்துக்கு அடுத்த முறை கணக்கெடுப்புப் படிவம் வரும்போது, இரண்டாவது கட்டத்தை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். கையேடு உங்கள் பக்கம் இருக்கிறது.

இந்தியாவின் நிலை என்ன? – மருத்துவர், மதுரை

எல்லாத் துறைகளும் சேர்ந்து, இந்தியாவில் பத்து லட்சம் மக்களுக்கு 2000-இல் 110 ஆய்வாளர்கள் இருந்தார்கள். 2017-இல் 255 பேர். அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் கணக்கு இது. தென் கொரியாவில் அண்மை ஆண்டுகளில் இந்த எண் 8,000-ஐத் தாண்டியிருக்கிறது. நம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாவது 0.64 விழுக்காடு (2020–21). தென் கொரியாவில் ஏறத்தாழ 5 விழுக்காடு. மக்கள்தொகை பெரிது என்பதால் விகிதம் சிறிதாகத் தெரிகிறது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அதே அளவு மக்கள்தொகை கொண்ட சீனாவுக்கு அந்தச் சமாதானம் தேவைப்படவில்லை.

தாங்கள் மருத்துவர் என்பதால் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. அவற்றில் 57.3 விழுக்காட்டு நிறுவனங்கள் அந்தப் பத்தாண்டுகளில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. 25 நிறுவனங்கள் மட்டும் மொத்தக் கட்டுரைகளில் 40 விழுக்காட்டைத் தந்திருந்தன. அந்தக் கல்லூரிகளின் ஆசிரியர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான புறநோயாளிகளைப் பார்க்கும் ஒருவரிடம், தரவு எடுக்க ஓர் உதவியாளரும் இல்லாமல், பதவி உயர்வுக்குக் கட்டுரை கொண்டு வா என்றால், கட்டுரை வரும், ஆராய்ச்சி வராது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியது அந்த இடத்தில்தான். ஒரு நாளின் சில மணி நேரத்தை ஆய்வுக்கென்று ஒதுக்கிக் கொடுத்து, மாவட்ட அளவிலேயே ஒரு புள்ளியியலாளரும் இரண்டு ஆய்வுச் செவிலியர்களும் நிரந்தரப் பணியில் இருந்தால், இருக்கும் மருத்துவர்களைக் கொண்டே முழுநேரக் கணக்கு உயரும்.

மருந்தை எந்த நாடு கண்டுபிடித்தாலும் வாங்கிக்கொள்ளலாமே; ஏழை நாட்டில் ஆய்வாளர் இல்லையென்றால் என்ன குறை? – வணிகர், ஈரோடு

வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. பலர் மனத்தில் இருக்கும் கேள்வி இது. லைபீரியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

1982-இல் ஐரோப்பிய அறிவியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியானது. லைபீரிய மக்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளில் எபோலா கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் காணப்படுகிறது, ஆகவே லைபீரியாவையும் எபோலா பரவும் பகுதியாகக் கருத வேண்டும், அங்குள்ள மருத்துவப் பணியாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. எழுதியவர்களில் ஒருவர்கூட லைபீரியர் இல்லை. கட்டுரை இதழிலேயே தங்கிவிட்டது. 2014-இல் எபோலா வந்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த நோய் இல்லை என்றே மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். பரவல் அடங்குவதற்குள் அந்த வட்டாரத்தில் 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 4,800 பேர் லைபீரியர்கள். மறு ஆண்டு அந்நாட்டின் மூத்த சுகாதார அதிகாரி ஒருவர் மற்ற இருவருடன் சேர்ந்து அமெரிக்க நாளிதழில் எழுதிய கட்டுரையில் இந்தப் பழைய எச்சரிக்கையைச் சுட்டிக்காட்டினார். இத்தகைய கட்டுரை ஒன்றை இணையத்திலிருந்து எடுக்க 45 டாலர் ஆகும், அது லைபீரிய மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம் என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். இரத்தம் கொடுத்தது அந்த மண். அந்த ஆய்வில் உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் இருந்திருந்தால் அந்த அறிவு ஊருக்குத் திரும்பியிருக்கும். மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லப்பட்டிருக்கும்.

மருந்தைப் பொறுத்தவரையிலும், யாருக்கு நோய் இருக்கிறதோ அவர்கள் நாட்டில்தான் அதைச் சோதித்தாக வேண்டும். மலேரியாவுக்கான ஆர்.டி.எஸ்.எஸ். தடுப்பூசி ஐரோப்பிய நிறுவனமொன்றின் ஆய்வகத்தில் பிறந்தது. ஆனால் அது பயன் தரும் என்று மெய்ப்பிக்க 7 ஆப்பிரிக்க நாடுகளின் 11 மையங்களில் 15,459 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில்தான் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. அந்த மையங்களில் பயிற்சி பெற்ற ஆட்கள் முன்பே நிறைய இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்பது என் எண்ணம். ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென் ஆப்பிரிக்கா சாட்சி: 2021 நவம்பர் 24 அன்று ஒமிக்ரான் வகைக் கிருமியைப் பற்றி உலகுக்கு முதலில் அறிவித்தது அந்நாடுதான். எச்.ஐ.வி., காசநோய் ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகளாக அங்கே உருவான ஆய்வகங்களும் ஆட்களும் இல்லையென்றால் அது நடந்திருக்காது.

இன்னும் அடிப்படையான காரணம், எந்த நோயை ஆராய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. 1990-இல் ஒரு பன்னாட்டு ஆணையம் கணக்கிட்டுச் சொன்னது: தவிர்க்கக்கூடிய இறப்புகளால் ஏற்படும் இழப்பில் 93 விழுக்காடு வளரும் நாடுகளில் நேர்கிறது, ஆனால், 1986-இல் உலகம் மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவிட்ட 3,000 கோடி டாலரில் 5 விழுக்காடுதான் அந்நாடுகளின் நோய்களுக்குப் போயிற்று. ஒவ்வொரு வளரும் நாடும் தன் சுகாதாரச் செலவில் 2 விழுக்காட்டையாவது ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்த ஆணையம் கேட்டுக்கொண்டது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது என்ன? உலக நோய்ச்சுமையில் 12.5 விழுக்காட்டுக்கும் அதிகமாக இருக்கும் மலேரியா, காசநோய் போன்ற நோய்களுக்கு ஆராய்ச்சிப் பணத்தில் 1 விழுக்காடே கிடைக்கிறது. விற்பனைக்கு வந்ததைத்தான் வாங்க முடியும், ஐயா. நம் நோய்க்கு மருந்து தேட யாருமே இல்லையென்றால் கடையில் வாங்குவதற்கு எதுவும் இராது.

பெரிய பட்டங்கள் இல்லாமல் ஆய்வாளர் ஆக முடியாதா? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

முடியும். சீனாவின் தூ யூயூ மருந்தியல் இளநிலைப் படிப்பு படித்தவர்; முனைவர் பட்டம் இல்லை, மருத்துவப் பட்டம் இல்லை, வெளிநாட்டில் ஆய்வு செய்ததும் இல்லை. 1967 மே 23-இல் தொடங்கியதால் "523 திட்டம்" என்று அழைக்கப்பட்ட மலேரியா ஆராய்ச்சியில் ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தைக் கண்டறிந்தார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். பட்டத்தை வைத்து எண்ணும் நாடுகளின் கணக்கில் அவரைப் போன்றவர் விடுபட்டுப்போக வாய்ப்புண்டு. பணியை வைத்து எண்ணினால் விடுபடமாட்டார்.

மருத்துவ ஆய்வில் பெண்கள் எத்தனை பேர்? – இல்லத்தரசி, புதுச்சேரி

எல்லாத் துறைகளிலும் சேர்த்து உலக ஆய்வாளர்களில் மூன்றில் ஒருவர் பெண். மருத்துவத்தில் நிலை சற்று மேல்: உயர் வருமான நாடுகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள், குறைந்த வருமான நாடுகளில் கால் பங்குக்குச் சற்று அதிகம். இங்கும் "ஆய்வாளர்" என்ற கட்டம் மட்டுமே பேசுகிறது. முன்னர் சொன்ன களப்பணியாளர்களையும் செவிலியர்களையும் சேர்த்து எண்ணினால் படம் மாறும்.

என் மகள் பொதுச் சுகாதாரத்தில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள். ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சேரலாமா? – தந்தை, திண்டுக்கல்

சேரட்டும். நல்ல திட்டமென்றால், ஓராண்டுக் களப்பணி அவருக்குக் கற்றுத் தருவதை எந்த வகுப்பும் கற்றுத் தராது. ஆனால், கண்ணைத் திறந்துகொண்டு சேர வேண்டும். நம் நாட்டிலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் ஆய்வு வேலைகளில் பெரும்பகுதி நிதி வரும்வரைதான். நிதி முடிந்த மாதத்தில், மூன்று ஆண்டுகள் சேர்ந்து பழகிய குழு கலைந்து, ஒருவர் மருந்து விற்பனைக்கும் இன்னொருவர் பள்ளிக்கூட வேலைக்கும் போய்விடுகிறார்கள். அடுத்த திட்டம் வரும்போது எல்லாவற்றையும் புதியவர்களுக்கு முதலிலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாட்டின் ஆய்வாளர் எண்ணிக்கை ஏன் உயரவில்லை என்று தேடுபவர்கள் பல்கலைக்கழகங்களைப் பார்ப்பதைவிட இந்தக் கலைதலைப் பார்க்க வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

மகளிடம் சொல்லுங்கள்: பணி ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன், அவர் சேகரிக்கும் தரவிலிருந்து வரும் கட்டுரைகளில் அவர் பெயர் இடம்பெற என்ன விதி என்று கேட்கட்டும். நிதி எந்த மாதம் வரை இருக்கிறது, அதற்கு முன் எத்தனை மாத முன்னறிவிப்புத் தருவார்கள் என்றும் கேட்கட்டும். புள்ளியியல் மென்பொருள் ஒன்றை வேலை நேரத்திலேயே கற்க அனுமதி கேட்கட்டும். அது எந்தத் திட்டம் முடிந்தாலும் கையில் இருக்கும். இவற்றைக் கேட்பதற்காக யாரும் வேலையைத் திரும்பப் பெறமாட்டார்கள். அப்படிப் பெற்றுக்கொள்ளும் இடம் என்றால், அங்கே போகாமல் இருப்பதே நல்லது.